ஒரு கொத்து ஜாவா ஃபெர்னைப் பெருக்க எது சிறந்த வழி: இலையா, மட்டத்தண்டா?

மூன்றடி மீன்தொட்டியில் கிடக்கும் மரக்கட்டையை ஜாவா ஃபெர்ன் என்னும் நீர்ப்பெரணியால் மூட நினைப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு கொத்துகளாவது வேண்டும். அத்தனையையும் விலை கொடுத்து வாங்க மனம் வராமல், சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஒரே ஒரு கொத்தை வாங்கிக்கொண்டு, மீதியை வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாம் என்று திரும்புகிறவர்கள் பலர்; நானும் அப்படித் திரும்பியவன்தான். ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தந்த அந்தக் கொத்தில் பதினான்கு இலைகளும், சுண்டுவிரல் நீளத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு மட்டத்தண்டும் இருந்தன. ரைசோம் என்று கடைக்காரர்கள் சொல்வது இந்த மட்டத்தண்டைத்தான். இந்தக் கொத்தின் இலைகளைக் கிள்ளி மிதக்கவிடலாம். மட்டத்தண்டை அறுத்துப் பிரிக்கலாம். ஒன்றும் செய்யாமல், தாய்ச்செடி தானாகக் குட்டி போடும்வரை காத்திருக்கலாம். இவை எதுவும் வேண்டாமென்று, ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கோப்பைகளை வாங்கிவிடவும் செய்யலாம். நான்கு வழிகளிலும் செடி கிடைக்கும். ஆனால் எத்தனை மாதம் ஆகும், எத்தனை செடி தேறும், தாய்ச்செடிக்கு எவ்வளவு சேதம் என்ற கணக்குகளில் அவை வெகுவாக வேறுபடுகின்றன. ஜாவா ஃபெர்னுக்குப் பொருந்தும் வழி, அதே கட்டையில் பக்கத்திலேயே வளரும் அனுபியாசுக்குப் பொருந்துவதுமில்லை.

இலையிலிருந்து செடி வரும் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே ஊன்றிவிடுகிறது. ரணகள்ளி இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் காத்திருந்தவர்கள், அதன் ஓரத்துப் பள்ளங்களிலிருந்து வேரும் குருத்துமாகக் குட்டிகள் எட்டிப்பார்த்ததை மறந்திருக்கமாட்டார்கள். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்பதே அதற்கு வழங்கும் ஒரு பெயர். ரணகள்ளியின் இலை விளிம்பில், செடியாக வளரக்கூடிய திசு முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான செடிகளின் இலைகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. தண்டின் நுனியிலும் கணுக்களிலும் புதிய உறுப்புகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் ஆக்குத்திசு உண்டு. இலையோ ஓர் அளவுக்கு வளர்ந்தபின் நின்றுவிடும் உறுப்பு. வெட்டிய இலை ஒன்று முழுச்செடியாக வேண்டுமானால் அது வேர் விட்டால் மட்டும் போதாது, வேற்றிட மொட்டு ஒன்றையும், அதாவது வழக்கமாக மொட்டு வராத இடத்தில் புதிய மொட்டு ஒன்றையும், கட்டியாக வேண்டும். வேர் விடுவது ஒப்பீட்டளவில் எளிது. ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி இலைப்பரப்பிலிருந்து காம்பின் அடியை நோக்கி இறங்கி, வெட்டுவாயில் தேங்கும்போது பல செடிகளில் வேர் புறப்பட்டுவிடுகிறது. மொட்டுக் கட்டுவதற்குச் சைட்டோகைனின் என்னும் இன்னொரு வளர்ச்சி ஊக்கியின் பங்கும் வேண்டும். முதிர்ந்த செல்கள் தம் பழைய வேலையைக் கைவிட்டு மீண்டும் பிரியத் தொடங்கவும் வேண்டும். இந்தத் திறன் சில இனங்களுக்கு இயல்பிலேயே வாய்த்திருக்கிறது, பலவற்றுக்கு வாய்க்கவில்லை. வேர் விட்ட இலை மொட்டு விடாமலேயே பல மாதம் கிடந்து அழுகிப்போவதும் உண்டு.

அனுபியாசிடம் இதை நான் இரண்டு மாதம் செலவழித்துத் தெரிந்துகொண்டேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் நிழல் சூழ்ந்த ஓடைக்கரைகளுக்கு உரிய செடி அது. அதன் நானா வகையில் பாசி படிந்துவிட்டதென்று கழித்த ஏழு இலைகளைத் தூக்கியெறிய மனமின்றி, மீன்குஞ்சுகளைப் பிரித்து வைக்கும் வலைப்பெட்டியில் போட்டு வைத்தேன். தோல்போலத் தடித்த இலைகள் என்பதால் ஐந்தாறு வாரம்வரை நிறம்கூட மாறவில்லை. காலையில் விளக்குப் போட்டதும் போய்ப் பார்க்கும் அளவுக்கு அவை நம்பிக்கை ஊட்டின. ஏழாவது வாரத்தில் விளிம்பிலிருந்து மஞ்சள் ஏறியது, காம்பின் வெட்டுவாய் கொழகொழத்தது. ஒன்றில்கூட மொட்டு இல்லை. அதே செடியின் மட்டத்தண்டிலிருந்து நறுக்கிய ஓர் அங்குலத் துண்டோ, இலையே இல்லாத நிலையிலும், கணுவில் உறங்கிக் கிடந்த மொட்டைச் சில வாரங்களில் வெளியே தள்ளிவிட்டது. அனுபியாசைப் பொறுத்தவரை ஒப்பீட்டுக்கே இடமில்லை. மட்டத்தண்டைப் பிரிப்பது ஒன்றே வழி. பொல்பிடிஸ் என்னும் ஆப்பிரிக்க நீர்ப்பெரணிக்கும் நான் அதையே சொல்வேன். கிரிப்டோகரைன் வகைகள் சரளைக்கடியில் ஓடுதண்டு விட்டுத் தாமாகவே பெருகும். அவற்றின் இலையைக் கிள்ளி வைத்தால் சில நாட்களில் கரைந்துபோவதைத்தான் பார்க்க முடியும்.

ஜாவா ஃபெர்ன் இவற்றுக்கு நேர்மாறானது. ஜாவாவின் தாவரங்களைத் தொகுத்த புளூமே 1828-இல் இதற்குப் பொலிப்போடியம் டெரோபஸ் என்று பெயரிட்டார். பிறகு அது மைக்ரோசோரம் ஆயிற்று, இப்போது வகைப்பாட்டியலாளர்கள் லெப்டோகைலஸ் என்கிறார்கள். கடைகளில் இன்றும் மைக்ரோசோரம் என்ற பெயரே ஓடுகிறது. பெயர் எத்தனை முறை மாறினாலும் அதன் பழக்கம் மாறவில்லை: முதிர்ந்த இலையின் நுனியிலும், விளிம்பிலும், அடிப்பக்கத்து நரம்புகளின் மேலும் அது குட்டி போடும். முதலில் தெரிவது இலையல்ல, வேர். இலையின் அடியில் பழுப்பு மயிர்க்கற்றை ஒன்று மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கும். விவரம் தெரியாதவர்கள் அதைப் பாசியென்று தேய்த்துக் கழுவிவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அந்தக் கற்றையின் நடுவிலிருந்து, வெங்காயத் தோல்போல ஒளி ஊடுருவும் குட்டி இலை ஒன்று, அரிசி அளவில் விரியும். இலையடியில் வரும் எல்லாப் புள்ளியும் குட்டியல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரணிகளுக்கு விதை கிடையாது. இலையின் அடியில் புடைத்துக்கொண்டு வரும் கரும்பழுப்புப் புள்ளிகள், விதைக்குப் பதிலாக அவை உண்டாக்கும் ஸ்போர் என்னும் நுண்துகள்களின் கூட்டங்கள். நோய் கண்டுவிட்டதென்று பயந்து அந்த இலைகளை வெட்டியெறிபவர்களும் உண்டு, அதுவே குட்டி என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. மீன்தொட்டிக்குள் ஸ்போரிலிருந்து செடி எடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாத காரியம். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஜாவா ஃபெர்னின் இலைவழியிலேயே மூன்று கிளைவழிகள் உள்ளன. முதலாவது, குட்டி தோன்றிய இலையைத் தாய்ச்செடியிலேயே விட்டுவைப்பது. இலைக்கு மட்டத்தண்டிலிருந்து உணவு வந்துகொண்டிருப்பதால் குட்டி பட்டினி கிடப்பதில்லை. மூன்று நான்கு இலைகளும் இரண்டு செண்டிமீட்டர் உயரமும் வந்தபின் கிள்ளியெடுத்தால் அநேகமாக எல்லாமே பிழைத்துவிடும். எந்த இலை எப்போது குட்டி போடும் என்பது நம் கையில் இல்லாததுதான் இதிலுள்ள சங்கடம். புதிதாக வாங்கிய செடி நம் தண்ணீருக்குப் பழகி, இலைகள் முற்றி, மனம் வைப்பதற்குள் ஒரு பருவமே கடந்துவிடலாம்.

இரண்டாவது, முதிர்ந்த இலை ஒன்றைக் காம்போடு கிள்ளித் தனியே வைப்பது. தாயிடமிருந்து பிரிந்த இலை, குட்டி போடுவதைத் தள்ளிப்போடுவதில்லை. சாகுமுன் பிள்ளையைக் கரையேற்றிவிட வேண்டும் என்பதுபோல நடந்துகொள்கிறது. என் தொட்டியில் கிள்ளிய நாளிலிருந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் வேர்க்கற்றை தெரிந்தது. ஓர் இலைக்கு மூன்று முதல் எட்டுக் குட்டிகள் வரை வந்தன. தாயிலை மெல்ல மெல்லக் கருத்து நைந்துபோகும், அது தன் சேமிப்பைக் குட்டிகளுக்குக் கொடுத்துவிட்டது என்றே கொள்ளலாம். அந்த நைந்த இலையை அவசரப்பட்டு அகற்றக்கூடாது. குட்டியின் வேர் அதில்தான் பிடித்திருக்கும்.

மூன்றாவது, இலையை நான்கு செண்டிமீட்டர் துண்டுகளாக, நடுநரம்புக்குக் குறுக்காக நறுக்கி வைப்பது. ஓர் இலையிலிருந்து நான்கு இடத்தில் குட்டி எடுக்கலாம் என்ற கணக்கில் இது கவர்ச்சியானது. எனக்கு இதில் ஆர்வம் குறைந்துவிட்டது. துண்டு சிறிதாகச் சிறிதாக அதனிடமுள்ள சேமிப்பும் குறைகிறது. வெட்டுவாய்கள் இரட்டிப்பாவதால் அழுகல் நுழையும் வாசல்களும் இரட்டிப்பாகின்றன. வருகிற குட்டியும் சிறுத்தே வருகிறது. முழு இலையாக வைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய எண்ணிக்கையைவிட, துண்டுகளில் மொத்தமாகத் தேறியது அதிகமென்று சொல்ல எனக்குச் சான்று கிடைக்கவில்லை. நடுவில் கிழிந்தோ, மீன் கடித்தோ ஏற்கெனவே துண்டாகிவிட்ட இலை இருந்தால் இப்படிச் செய்யலாம். நல்ல இலையை நறுக்க வேண்டியதில்லை.

இனி மட்டத்தண்டு. கூரான பிளேடால் ஒரே அழுத்தில் அறுத்து, ஒவ்வொரு துண்டிலும் மூன்று இலைகளாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால், அன்றைக்கே அது தனிச்செடி. நூலால் கட்டியோ ஜெல் வகைப் பசையால் ஒட்டியோ கட்டையில் பொருத்திவிடலாம். மண்ணுக்குள் புதைத்தால் மட்டத்தண்டு அழுகிவிடும் என்பது பலரும் அறிந்தது. வளர்நுனி உள்ள துண்டு இரண்டு வாரத்தில் புதுக்குருத்து காட்டும். நுனியில்லாத நடுத்துண்டு, பக்கமொட்டு விழிப்பதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். வேகத்தில் இந்த வழியோடு இலைவழி போட்டியிடவே முடியாது. ஆனால் எண்ணிக்கையில் இதற்கு ஓர் எல்லை உண்டு. பதினான்கு இலைக் கொத்திலிருந்து மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு துண்டுகள். ஆறேழு துண்டுகளாக்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு இலைகளே மிஞ்சி, அவை வளர்வதற்குப் பதில் பிழைத்துக் கிடப்பதிலேயே நாளைக் கழிக்கும். நுனியை வெட்டியெடுத்ததும் தாய்த்துண்டின் பக்கமொட்டுகள் விழித்துக்கொள்வதால், சில மாதம் கழித்து அதைக் கிளைவாரியாக மீண்டும் பிரிக்கலாம் என்பது இதன் நீண்டகால ஆதாயம்.

இரண்டையும் ஒரே காலக்கோட்டில் வைத்தால் வேறுபாடு தெளிவாகும். ஆறு மாத முடிவில் என் மட்டத்தண்டுத் துண்டுகள் மூன்றும் எட்டுப் பத்து இலைகளோடு கட்டையைப் பற்றிக்கொண்டிருந்தன. அதே ஆறு மாதத்தில் ஐந்து இலைகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட குட்டிகள் தேறியிருந்தாலும், அவற்றில் பெரியது கட்டைவிரல் நீளத்தைத் தாண்டவில்லை. அவை விரல்நீள இலைகள் விட்டு, தொலைவிலிருந்து பார்த்தாலும் செடியென்று தெரியும் நிலையை எட்ட ஓராண்டு ஆனது. கரியமில வாயு செலுத்தாத, மிதமான விளக்குள்ள தொட்டியின் கணக்கு இது. வாயுவும் உரமும் கொடுப்பவர்களுக்குக் காலம் சுருங்கலாம், இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மறையாது.

இந்த வேகக்குறைவுக்கு ஈடாக இலைவழியில் ஒரு நன்மை இருக்கிறது. அதைப் போதுமான அளவு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் குறை. குட்டி போடுவதற்கு ஏற்ற இலை, முற்றிப்போன, ஓரம் கருக்கத் தொடங்கிய, எப்படியும் நாம் கழித்தெறியப்போகிற இலைதான். தளிரிலை குட்டி போடாது. போட்டாலும் வெகு தாமதம். எனவே இலைவழிக்குத் தாய்ச்செடி தருகிற விலை ஏறத்தாழ ஒன்றுமில்லை. மட்டத்தண்டை அறுப்பதோ செடியின் சேமிப்பிலும் உருவத்திலும் கை வைப்பது. மரக்கட்டையில் நன்றாகப் பிடித்து, பார்க்க அழகாக நிற்கிற கொத்தை அதற்காகப் பெயர்த்தெடுக்க எவருக்கும் மனம் வராது. நிலைத்து நிற்கும் செடியிலிருந்து எடுப்பதென்றால் இலை, இன்னும் எங்கும் பொருத்தாத புதுச்செடி என்றால் மட்டத்தண்டு என்று நான் பிரித்துக்கொள்வது இதனால்தான்.

வகை மாறிவிடுமோ என்ற ஐயம் சிலருக்கு வரும். இலைக்குட்டியும் மட்டத்தண்டுத் துண்டும் தாயின் மறுபதிப்புகளே. ஸ்போரில் நடக்கும் கலப்பு இவற்றில் இல்லை. டென்மார்க்கில் டிராபிக்கா நிறுவனத்தைத் தோற்றுவித்த ஹோல்கர் வின்டெலோவின் பெயர் தாங்கிய, நுனி மான்கொம்பாகப் பிளவுபடும் வகையில், இலைக்குட்டிகள் முதல் சில மாதம் சாதாரண ஜாவா ஃபெர்னைப் போலவே பிளவில்லாத இலைகளை விடும். ஏமாந்துவிட்டோம் என்று அவற்றை எறிந்துவிட வேண்டாம். செடி முதிர முதிர நுனி பிரியத் தொடங்கும். மூன்று கிளையாகப் பிரியும் டிரைடன்ட் வகையும் அப்படியே. வகையின் அழகு உடனே தெரிய வேண்டும் என்பவருக்கு மட்டும் இங்கே மட்டத்தண்டு மேலானது.

கிள்ளிய இலைகளை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்களின் முயற்சி தோற்கிறது. தொட்டியின் மேற்பரப்பில் சும்மா மிதக்கவிட்டால், விளக்குக்கு மிக அருகில் கிடந்து இரண்டே வாரத்தில் பாசி போர்த்திக்கொள்ளும். வடிகட்டியின் வாய்க்குள் இழுபட்டுப் போவதும் உண்டு. தேங்கிய தண்ணீருள்ள தனிப் பாத்திரத்தில் வைத்தால், வெட்டுவாயில் வெண்பூஞ்சை ஏறும். எனக்குப் பலனளித்தது, தொட்டியின் பின்சுவரில் மாட்டிய வலைப்பெட்டி. வடிகட்டியிலிருந்து விழும் நீர் அதன் வழியாக மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். விளக்கின் நேரடி வெளிச்சத்தைத் தடுக்க மேலே கொஞ்சம் மிதவைச்செடி. இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பரப்பி, வாரம் ஒருமுறை தூசியை அலசி எடுத்தால் போதும். நத்தைகள் ஆரோக்கியமான ஜாவா ஃபெர்னைத் தின்பதில்லை, ஆனால் நைந்த பகுதியைத் தேடி வரும். அதைத் துப்புரவுப் பணியாகவே எடுத்துக்கொள்கிறேன். தங்கமீன் தொட்டியில் மட்டும் இந்த வேலை வேண்டாம். ஜாவா ஃபெர்னின் கசப்பு அவற்றுக்குப் பிடிக்காவிட்டாலும், எதையும் வாயில் போட்டுக் குதப்பித் துப்பும் பழக்கத்தால் குட்டிகள் சிதறிப்போகும்.

காலமும் பார்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் சென்னை வீடுகளில் குளிரூட்டாத தொட்டியின் நீர் 32 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. வேரோடு நிற்கும் ஜாவா ஃபெர்னே அந்தச் சூட்டில் சோர்ந்து நிற்கும். கிள்ளிய இலை குட்டி போடுவதற்குமுன் வெந்துவிடும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, அழுகல் வேகமடைகிறது. ஐப்பசியில் கிள்ளி வைத்தால் மாசிக்குள் குட்டிகள் தனியே நிற்கும் அளவுக்கு வந்துவிடும் என்பதே எங்கள் வீட்டு நாட்காட்டி. கோடையில் செடி பெருக்கியே ஆக வேண்டும் என்பவர் மட்டத்தண்டை நாடுவது நல்லது. அதன் சேமிப்பு அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்.

தண்டுச்செடிகளின் கதை வேறு. வாட்டர் விஸ்டீரியா என்று விற்கப்படும் ஹைக்ரோஃபிலா டிஃபார்மிஸ் இந்தியத் துணைக்கண்டத்துச் செடி. விஸ்டீரியாக் கொடிக்கும் இதற்கும் உறவில்லை. நம் வயலோரத்து நீர்முள்ளிதான் இதன் பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய சொந்தம், கனகாம்பரமும் ஆடாதோடையும் சற்றுத் தள்ளிய சொந்தங்கள். நீருக்கு மேலே விளிம்பு மட்டும் பல்வெட்டிய முழு இலையும், நீருக்குள் கொத்துமல்லிபோலக் கிழிந்த இலையும் விடுகிற இந்தச் செடியில், உதிர்ந்த ஓர் இலைகூட மிதந்தபடியே வேர்விட்டு, காம்படியிலிருந்து குருத்தெடுத்து முழுச்செடியாகிவிடும். இலைவழிப் பெருக்கத்துக்கு இதைவிடச் சிறந்த காட்சி இல்லை. ஆனால் தேவை இருக்கிறதா என்றால், அநேகமாக இல்லை. விரல்நீளத் தண்டுத் துண்டை மணலில் செருகினால் ஒரு வாரத்தில் வேர்பிடித்து, அடுத்த வாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வளர்கிறது. அதே நாளில் மிதக்கவிட்ட இலை அப்போதுதான் வேர்நுனியைக் காட்டிக்கொண்டிருக்கும். நிறையத் தண்டு உள்ளவர் இலையோடு மெனக்கெடுவது வீண். பார்சலில் வந்த செடியின் தண்டுகள் வழியிலேயே வெந்து கூழாகி, மேலே ஒட்டிய நாலைந்து இலைகள் மட்டும் பச்சையாக மிஞ்சும் நேரம் ஒன்று உண்டு. எனக்கு ஒருமுறை அப்படித்தான் வந்து சேர்ந்தது; காசு போனதென்று நினைத்த அந்த நாலைந்து இலைகளில் மூன்று, ஒரு மாதத்தில் செடியாயின.

நம் குளத்தோரங்களில் தானாக முளைக்கும் நீர்ப்பிரமிக்கும் ரோட்டலா, லுட்விஜியா போன்றவற்றுக்கும் தண்டுத் துண்டே போதும். கணுவுக்குக் கணு வேர்விடுகிற செடியில் இலையைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஹைக்ரோஃபிலா பின்னாட்டிஃபிடா மட்டும் இந்த வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போன செடி இது. செம்பழுப்பு நிறம், பெரணிபோல வகிர்ந்த இலை, கட்டையில் பற்றி ஊரும் தண்டு. இதன் தண்டைக் கட்டையிலிருந்து பெயர்த்தால் பற்றுவேர்கள் அறுந்து செடி பின்வாங்கிவிடுகிறது. ஆனால் அடிபட்ட இலைகளில் இது தானாகக் குட்டி கட்டும். விலையும் அதிகம், வளர்ச்சியும் நிதானம் என்பதால் ஒவ்வோர் இலையும் மதிப்புள்ளது. தண்டுச்செடி என்ற பெயரால் தண்டையே வெட்டாமல், கழிக்கும் இலைகளைக் கட்டையின் ஈரப்பிளவுகளில் செருகி வைப்பதை இங்கே நான் பரிந்துரைப்பேன்.

இலைவழி என்பது தெரிவாக இல்லாமல் கட்டாயமாக இருக்கும் செடியும் உண்டு. இந்தியன் ஃபெர்ன் என்றும் வாட்டர் ஸ்பிரைட் என்றும் விற்கப்படும் செரட்டோப்டெரிஸ், வெப்ப நாடுகளின் நெல்வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரவியிருக்கும் பெரணி. அதன் தண்டு மிகக் குறுகியது, பிரித்தெடுக்க அதில் ஒன்றுமில்லை. செடியின் ஆயுளும் குறைவு. முதிர்ந்த மட்டைகள் நீர்ப்பரப்பில் சாயும்போது அவற்றின் மடிப்புகளில் குட்டிகள் வரிசையாகக் கிளம்பும். அவற்றை எடுத்து அடுத்த தலைமுறையை வைக்காதவரின் தொட்டியில் ஒரு நாள் அந்தச் செடியே இல்லாமல் போகும். ஒரே ஆறுதல், அது தாராளமாகக் குட்டி போடும். பழைய மட்டை ஒன்றை மிதக்கவிட்டாலே ஒரு மாதத்தில் யாருக்காவது கொடுக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும்.

மொட்டைமாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் கேட்பதால் அல்லியைப் பற்றியும் ஒரு சொல். மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்ஃபேயா மைக்ராந்தாவிலும் அதன் வழிவந்த கலப்பினங்களிலும், காம்பு இலையோடு சேரும் தொப்புளில் குட்டிச்செடி பிறக்கும். இலையைக் கிள்ளி மிதக்கவிட்டால் அது வேர்விட்டு இறங்கும். நம் குளத்து அல்லியிடம் பொதுவாக இதை எதிர்பார்க்க முடியாது, அதற்குக் கிழங்கைப் பிரிப்பதே வழி.

திசு வளர்ப்புக் கோப்பையையும் நேர்மையாக எடைபோட வேண்டும். கூழ்மத்தில் கிருமி நீக்கி வளர்த்த செடிகள் என்பதால் நத்தை முட்டையும் பாசியும் அவற்றோடு வருவதில்லை. இறால் வளர்ப்பவர்களுக்கு, பூச்சிமருந்து எச்சம் பற்றிய கவலையும் நீங்குகிறது. ஒரே கோப்பையில் ஏராளமான சிறுசெடிகள் இருக்கும், வகையும் நம்பகமானது. ஆனால் அவை கண்ணாடிக்குள் நூறு சதவிகித ஈரப்பதத்திலும் சர்க்கரை கலந்த கூழிலும் வளர்ந்தவை. நம் ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரைச் சந்தித்ததும் ஆரம்பத்து இலைகளில் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டுத்தான் மீளும். வீட்டுத் தொட்டியில் பிறந்த இலைக்குட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, பிறந்ததே அந்தத் தண்ணீரில். அளவிலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கோப்பைக்குத் தரும் பணம் ஐந்தாறு மாதக் காத்திருப்பை வாங்குவதற்கான பணம் என்று நான் கணக்கிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் இறால் தொட்டிக்கு அது நியாயமான செலவு. ஏற்கெனவே ஜாவா ஃபெர்ன் நிற்கும் தொட்டிக்கு அநாவசியம்.

எந்த வழியை எடுத்தாலும் மிச்சத்தை எங்கே போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். துண்டு இலையிலிருந்துகூட எழும் திறன் வீட்டுக்குள் வரமாக இருக்கிறது, கால்வாயில் அதுவே சாபமாகிறது. நம் பக்கத்து ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா அமெரிக்காவுக்குத் தொட்டிச்செடியாகப் போய், ஃபுளோரிடாவின் நீர்வழிகளை அடைத்து, அந்நாட்டு அரசின் தீங்குக்களைப் பட்டியலில் ஏறியது. வெங்காயத்தாமரை மூடிய ஏரிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழித்த இலைகளைக் கழிவறையிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மாடியில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டி உரக்குழியில் போடுவது என் வழக்கம்.

இனி அந்தப் பதினான்கு இலைக் கொத்துக்கு வருவோம். இன்று அதே கொத்து கையில் கிடைத்தால் மட்டத்தண்டை இரண்டாக மட்டுமே அறுப்பேன். வளர்நுனி உள்ள பாதியைக் கட்டையின் முன்பக்கத்திலும், மற்றதை நிழல்விழும் பின்பக்கத்திலும் கட்டுவேன். அறுப்பதற்கு முன்பே, அடியிலுள்ள கருத்த நான்கு இலைகளைக் காம்போடு கிள்ளி வலைப்பெட்டியில் பரப்பிவிடுவேன். அவற்றிலிருந்து வரும் குட்டிகள் மூன்று இலை விட்டதும், ஒவ்வொன்றாக ஒட்டினால் கட்டையில் காணாமல்போகும் என்பதால், ஐந்தைந்தாகச் சேர்த்து ஒரே புள்ளியில் ஒட்டுவேன். ஓராண்டில் அந்த ஐந்தும் ஒரே கொத்தாகத் தெரியும். கட்டையின் நடுவில் அதுவரை தெரியும் வெற்றிடத்தில் வாட்டர் விஸ்டீரியாத் தண்டுகள் நான்கைச் செருகி வைத்துவிட்டு, ஃபெர்ன் நிரம்பியதும் அவற்றைப் பிடுங்கிக்கொள்வேன்.